சர்ட்டிபிகேட்டெக்டமி

நான்கு தலைமுறையாகச் சக்ரவர்த்தியின் குடும்பத்தில் யாரும் கொடுத்த வாக்கை மீறியதில்லை. போட்ட கையெழுத்தை மறுத்ததில்லை. இதைச் சின்ன காஞ்சிபுரத்தில் எல்லோரும் அறிவார்கள். அறியாதவர்களுக்குச் சக்ரவர்த்தியே சொல்லிவிடுவார்.

அப்படிப்பட்டவர், 2002ஆம் ஆண்டு ஜூலையில் ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, பத்து நிமிட வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டு, ஒரு பழைய பட்டுக் கடைக் கட்டடத்தின் மாடிப்படி ஏறினார். கடை மூடி இரண்டு வருடம் ஆகிறது. கீழே பாத்திர வியாபாரம் நடந்தது. மேலே, கடை முதலாளி பரசுராமனே நிறுவிய 'சஞ்சீவிமலை சர்வதேச மருத்துவச் சொல்லியல் அகாடமி' நடந்தது.

அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிவைப்பதை, இங்கே காதில் மாட்டிக்கொண்டு கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்பும் வேலை ஒன்று அந்த வருடங்களில் புதிதாக வந்திருந்தது. அதற்கு மருத்துவச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். அவற்றை வேர், முன்னொட்டு, பின்னொட்டு என்று பிரித்துச் சொல்லித்தர ஊருக்கு ஊர் பள்ளிக்கூடங்கள் முளைத்தன. சக்ரவர்த்தியின் மகள் ஸுபத்ரா பி.எஸ்ஸி. முடித்த கையோடு எட்டு மாதத்துக்கு முன் இங்கே சேர்ந்தாள். மூன்று மாதப் படிப்பு. சேரும்போது பத்தாவது, பன்னிரண்டாவது, பட்டம் மூன்றின் அசலையும் 'பாதுகாப்புக்காக' வாங்கிவைத்துக்கொண்டார்கள். பாதுகாவலர் என்ற இடத்தில் சக்ரவர்த்தி நீல மையில் கையெழுத்திட்டிருந்தார்.

இப்போது ஸுபத்ராவுக்கு அரசு ஆய்வக உதவியாளர் வேலைக்குக் கடிதம் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு. அசல் கொண்டுவராதவர் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும் என்று கடிதத்தின் அடியில் தடித்த எழுத்தில் இருந்தது. படிப்பு முடிந்த நாளிலிருந்து அவள் நான்கு முறை அகாடமிக்குப் போய்க் கேட்டிருந்தாள். நான்கு முறையும் அடுத்த நிலைப் படிப்பில் சேர்த்து அனுப்பினார்கள். ஐந்தாம் முறை, கையெழுத்திட்ட பாதுகாவலர் நேரில் வர வேண்டும் என்றார்கள். அதனால்தான் அவர் வந்தார்.

வரவேற்பு மேஜையில் கிருஷ்ணவேணி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். காதில் பெரிய ஹெட்போன் மாட்டியிருந்தாள். அதன் ஒயரின் மறுமுனை மேஜை இழுப்பறைக்குள் போய் அங்கேயே முடிந்துவிட்டது.

"உக்காருங்க சார். காபியா, கூல்டிரிங்க்ஸா?"

"ஒண்ணும் வேண்டாம்மா. என் பொண்ணோட சர்ட்டிபிகேட்டை வாங்கிண்டு போகணும்."

"கண்டிப்பா சார். எங்க அகாடமில யாருக்கும் இல்லன்னு சொன்னதே கெடையாது."

ஒரு படிவத்தை நீட்டினாள். மேலே 'சர்ட்டிபிகேட்டெக்டமி விண்ணப்பம்' என்று அச்சிட்டிருந்தது.

"இது என்னம்மா?"

"எக்டமின்னா ஒடம்புலேர்ந்து ஒண்ண வெட்டி எடுக்கறது சார். அப்பெண்டிக்ஸ எடுத்தா அப்பெண்டெக்டமி. டான்சில எடுத்தா டான்சிலெக்டமி. நீங்க எடுக்க வந்தது சர்ட்டிபிகேட்டு."

"இந்த வார்த்தை அகராதியிலே இருக்கா?"

"எங்க அகராதில இருக்குது சார்."

படிவத்தின் கடைசி வரி இப்படி இருந்தது: 'மேற்கண்ட சொற்களின் பொருளை வேர், முன்னொட்டு, பின்னொட்டு வாரியாக அறிந்தே கையெழுத்திடுகிறேன்.'

சக்ரவர்த்தி பேனாவை மூடினார். முப்பத்தாறு வருடம் தபால் இலாகாவில் இருந்தவர். மணியார்டர் வாங்க வந்த ஒவ்வொருவரிடமும், படித்துப் புரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள் என்று சொன்ன வாய் அது.

"எனக்கு இதுக்கெல்லாம் அர்த்தம் தெரியாதே."

"அதுக்காகத்தான் சார் கார்டியன் பவுண்டேஷன் லெவல் வெச்சிருக்கோம். நாலே நாள். வியாழக்கெழம சாயங்காலம் முடிஞ்சிடும். அப்பவே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கலாம்."

"நியாயந்தான்" என்று அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது.

சேருவதற்கு அவருடைய அசல் ஆவணம் ஒன்று வேண்டும் என்றாள். சட்டைப் பையில் ஓய்வூதிய அட்டை இருந்தது. விதி விதிதான். கொடுத்தார். அவள் அதை எடுத்துக்கொண்டு முதலாளியின் அறைக்குள் போனாள். திறந்த கதவு வழியே, மாலை போட்ட ஆறடி இரும்புப் பீரோ ஒன்று தெரிந்தது. பட்டுக் கடை நாளில் அன்றாட வசூலைப் போடுவதற்காக அதன் நெற்றியில் உண்டியல் போல ஒரு வாய் வெட்டியிருந்தார்கள். கிருஷ்ணவேணி எம்பி நின்று அட்டையை அதில் போட்டாள். உள்ளே எங்கோ மெத்தென்று விழும் சத்தம் கேட்டது.

மதியச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டுக்குப் போகவில்லை.

வகுப்பு நடந்த கூடம் பழைய விற்பனைக் கூடம்தான். தரை முழுவதும் வெள்ளை விரித்த மெத்தை. நான்கு சுவரிலும் ஆளுயரக் கண்ணாடி. புடவையைத் தோளில் போட்டுப் பார்ப்பதற்காக ஒருகாலத்தில் வைத்தவை. ஜன்னல் ஒன்றுகூட இல்லை. வெயில் பட்டால் பட்டு வெளுத்துவிடும். வெளியே பகலா மழையா என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் நாற்பது சக்ரவர்த்திகள் இவரையே பார்த்துக்கொண்டு, எப்போது கிளம்பலாம் என்று இவரிடமே கேட்பது போல உட்கார்ந்திருந்தார்கள்.

மெத்தையில் ஏற்கெனவே இருபது பேர் இருந்தார்கள். காலியாக இருந்த இடம், இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தியின் பக்கத்தில். சக்ரவர்த்தி ஒரு முழம் இடைவெளி விட்டு உட்கார்ந்தார். கண்ணாடிகள் அந்த முழத்தைப் பொருட்படுத்தவில்லை. எல்லாச் சுவரிலும் இருவரும் தோளோடு தோள் ஒட்டியே தெரிந்தார்கள்.

"இன்னா சாமி, நீங்களும் மாட்டிக்கினீங்களா? யாருக்கு வந்துக்கிறீங்க?"

"என் பொண்ணுக்கு."

"நான் எங்க அக்காவுக்கு வந்தேன். முசரவாக்கத்துலேர்ந்து. பேரு ஏஞ்சல். ஒம்போது மாசமாவுது. இப்ப அட்வான்ஸ் லெவல்ல கீறேன். அக்காவுக்குக் கல்யாணமே ஆயிப்போச்சு."

"ஒம்பது மாசமா? சர்ட்டிபிகேட்டு?"

"உள்ளதான் கீது. என்னோட டென்த் மார்க் ஷீட்டும் கூடவே போயிக்கீது. தொணைக்கு" என்று சிரித்தாள்.

ஆசிரியர் வேணுகோபால் வந்தார். கடை இருந்தவரை அவர் அங்கே பதினெட்டு வருடம் சேல்ஸ்மேன். கடை மூடி அகாடமி ஆனபோது அவரும் பேராசிரியர் ஆனார். வேறு எதுவும் மாறவில்லை. ஒவ்வொரு சொல்லையும் நீளமான காகிதத்தில் அச்சடித்துப் புடவை போல மடித்து அலமாரியில் அடுக்கியிருந்தார்கள். அவர் ஒன்றை உருவி, ஒரே வீச்சில் மெத்தையின் மறுகோடி வரை விரித்தார்.

"ரண்டி, ரண்டி, கிட்ட வந்து பாருங்க. பெரிகார்டைட்டிஸ். இந்த முந்திய பாருங்க, பெரி. சுத்திலும்னு அர்த்தம். ஒடம்பு கார்டி, இருதயம். கரை ஐட்டிஸ், அழற்சி, வீங்கிச் செவந்து போறது. மூணும் தனித்தனியா நெய்து கோர்வைல சேத்தது. இருதயத்தச் சுத்தி இருக்குற ஒறைக்கு அழற்சி. இழுத்துப் பாருங்க சார், பிரியாது!"

சக்ரவர்த்தி இழுத்துப் பார்த்தார். பிரியவில்லை.

"இதே கரைல வேற ஒடம்பு காட்டட்டா? கல்லீரல் போட்டா ஹெப்படைட்டிஸ். மூட்டு போட்டா ஆர்த்ரைட்டிஸ், ஆயாங்கல்லாம் அதத்தான் கேட்டு வாங்குவாங்க. கரை புடிக்கலயா? ஆல்ஜியா பாருங்க. வலி. எந்த ஒடம்புலயும் எடுப்பா நிக்கும்."

"நான் வியாழக்கிழமைக்குள்ளே முடிச்சாகணும்" என்றார் சக்ரவர்த்தி.

"பாத்துட்டுப் போலாம் சார். பாக்கறதுக்கு என்ன?"

பட்டுக் கடையில் ஒரு தொழில் தர்மம் உண்டு. படியேறி வந்தவரை வெறுமனே இறங்க விடக் கூடாது. அவர் எழுந்தால் இன்னொரு புடவை விரி. கடிகாரம் பார்த்தால் காபி சொல். வேண்டாம் என்றால், வேண்டாம் என்பதற்கே இரண்டு விதம் இருக்கிறது, காட்டுகிறேன் என்று சொல். வேணுகோபால் பதினெட்டு வருடம் அப்படி யாரையும் இறங்க விட்டதில்லை. மருத்துவத்திலும் விடவில்லை.

சக்ரவர்த்திக்குத் தெரிந்த படிக்கும் முறை ஒன்றுதான். அவர்கள் வீட்டில் பாசுரங்களைச் சந்தை சொல்லிக் கற்பார்கள். சொல்லிவைப்பவர் ஒருமுறை சொல்ல, கற்பவர்கள் இருமுறை திருப்பிச் சொல்வது வழக்கம். செவ்வாய்க்கிழமை அவர் கண்ணை மூடிக்கொண்டு, ஹைப்பர் மிகை, ஹைப்போ குறை, டாக்கி வேகம், பிராடி மந்தம் என்று தொடங்கினார். பக்கத்திலிருந்த ஏஞ்சல் இருமுறை திருப்பிச் சொன்னாள். பத்து நிமிடத்தில் மெத்தை முழுவதும் இருமுறை திருப்பிச் சொன்னது. கீழே பாத்திரக் கடைக்கு வந்தவர்கள் மாடியில் ஏதோ உற்சவம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மதியம் வேணுகோபால் சூழல் குறிப்புப் பாடத்தை எடுத்தார்.

"சொல்லு தெரியலன்னா பயப்படாதீங்க. அதச் சுத்தி என்ன இருக்குதுன்னு பாருங்க. கஸ்டமர் மனசுல இருக்கறத வாயத் தொறந்து சொல்வாரா? செருப்பப் பாத்தா தெரியும். கூட வந்த மாமியார் மூஞ்சியப் பாத்தா தெரியும். அது மாதிரிதான். 'நோயாளிக்கு இரண்டு தலையணை இல்லாமல் உறங்க முடியவில்லை. எழுந்து உட்கார்ந்தால் சரியாகிறது. அவருக்கு ஆர்த்தாப்னியா இருக்கிறது.' ஆர்த்தாப்னியான்னா இன்னா?"

"மல்லாக்கப் படுத்தா மூச்சு முட்டுது" என்றாள் ஏஞ்சல். "எங்கம்மா பெரியாஸ்பத்திரில வார்டு பெருக்குது. அந்தக் கட்டில்ங்களப் பாத்தாலே தெரியும் சார், எதுல தலகாணி ஒசந்து கீதுன்னு."

சக்ரவர்த்தி அவளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நல்ல மூளை என்று நினைத்துக்கொண்டார். அதைச் சொல்லவில்லை.

புதன்கிழமை தேர்வு. சக்ரவர்த்தி நூற்றுக்கு நூறு வாங்கினார். மாலையில் எல்லோரையும் கூட்டி பரசுராமன் பேசினார். பட்டு ஜிப்பா, நெற்றியில் சந்தனம், நடுவில் குங்குமம்.

"மத்த எடத்துல படிச்சவங்க இன்னா பண்றாங்க? வெளிய போறாங்க. போயி? வேலையில்லாம சுத்துறாங்க. நம்ம அகாடமில சேந்து வேலையில்லாம சுத்துற ஒருத்தரக் காட்டுங்க பாப்போம்! முடியாது. ஏன்னா ஒருத்தருமே வெளிய போவல. அமெரிக்காலேர்ந்து டேப்பு எப்ப வரும், டேப்பு எப்ப வரும்னு கேக்கறீங்க. வந்துட்டா நீங்க அதுக்குத் தயாரா இல்லன்னு தெரிஞ்சி போயிடும். அதனால அது வராம நான்தான் உங்களக் காப்பாத்திக்கினு இருக்கேன். எனக்கு உங்க முன்னேற்றம் முக்கியம். நீங்க முன்னேறிக்கினே இருக்கணும். போய்ச் சேந்துடக் கூடாது!"

பலமாகக் கை தட்டினார்கள். சக்ரவர்த்தி, மகளின் சர்ட்டிபிகேட்டு எப்போது கிடைக்கும் என்று கேட்க எழுந்தார். அவர் எழுந்ததைப் பரசுராமன் வேறு விதமாக எடுத்துக்கொண்டார்.

"இதோ! முதல் மாணவர்! இவருக்குத்தான் முதல் மரியாதை!"

கிருஷ்ணவேணி தட்டில் மாலை கொண்டுவந்தாள். வேணுகோபால் அரக்குப் பட்டு ஒன்றை மடித்து, சக்ரவர்த்தியின் தலையில் பரிவட்டம் கட்டினார். பதினெட்டு வருடம் பட்டு கட்டிய கை. கோயிலில்கூட அவ்வளவு அழகாகக் கட்டியிருக்க மாட்டார்கள்.

சக்ரவர்த்தியின் குடும்பத்துக்குப் பெருமாள் கோயிலில் பாசுரம் ஓதும் கோஷ்டியில் மூன்றாவது இடம். தாத்தா காலத்தில் இரண்டாவதாக இருந்தது. ஒரு வழக்கில் போய்விட்டது. அவருடைய அப்பா கடைசிவரை மூன்றாவதாகவே தீர்த்தம் வாங்கினார். முதல் மரியாதை என்பது அந்தக் குடும்பத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஆசை. இப்போது நாற்பது கண்ணாடிகளில் நாற்பது சக்ரவர்த்திகள் பரிவட்டத்தோடு நிமிர்ந்து நின்றார்கள். என்ன கேட்க எழுந்தார் என்பது அவருக்கு மறந்துபோனது.

பரிவட்டத்தைக் கலைக்காமல் வீட்டுக்கு வந்தார். ஸுபத்ரா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"அப்பா, கெடைச்சுதா?"

"எது?" என்றார் சக்ரவர்த்தி.

அவர் தலையையே பார்த்துவிட்டு உள்ளே போனாள். அழுதிருந்தால்கூட அவருக்கு அத்தனை அவமானமாக இருந்திருக்காது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் நேரே பரசுராமன் அறைக்குள் போனார்.

"பாடம் படிச்சாச்சு. பரீட்சை எழுதியாச்சு. சர்ட்டிபிகேட்டைக் குடுங்கோ."

"குடுத்துடலாம் சாமி. ப்ரீ-ஆப் பாக்கி இருக்குது. அறுவைக்கு முன்னாடி சர்ட்டிபிகேட்டோட ஒடல்நெலயப் பரிசோதிக்கணும். அதுக்கு ஒரு கமிட்டி..."

சக்ரவர்த்தி கேட்டுக்கொண்டே பீரோவைப் பார்த்தார். சொல் புரியாவிட்டால் சுற்றிலும் பார்க்க வேண்டும் என்றுதானே கற்றுக்கொடுத்தார்கள். பீரோவின் மேல் வாய் ஓரம் பளபளத்தது. தினமும் கை பட்ட இடம். கைப்பிடியில் ஒரு விரல் தடிமனுக்குத் தூசி. பூட்டுத் துவாரத்தின் மேல் வெள்ளிக்கிழமை தோறும் வைத்த சந்தனம், ஒன்றின்மேல் ஒன்றாகக் காய்ந்து, மேட்டு நிலம் போல எழும்பி வெடித்திருந்தது. தொண்ணூறு வெள்ளிக்கிழமைக்குக் குறையாது.

"இதைத் திறந்து ரெண்டு வருஷமாறதே" என்றார்.

பரசுராமன் எழுந்து கதவைச் சாத்தினார். திரும்பி வந்தபோது ஜிப்பாவுக்குள் அவர் சிறுத்துப் போயிருந்தார்.

"சாமி, உங்க குடும்பத்தப் பத்தி எனக்குத் தெரியும். வாக்குன்னா வாக்கு. நான் சொல்றத ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு மொதல்ல வாக்குக் குடுங்க."

தன் குடும்பத்தைப் புகழ்ந்தவனுக்கு இல்லை என்று சொல்ல சக்ரவர்த்திக்குத் தெரியாது. "கொடுத்தேன்" என்றார்.

"அகாடமி ஆரம்பிச்ச வருஷம், ஆயுத பூஜைக்குச் சாவிய வாழையிலைல வெச்சி, சந்தனம் குங்குமம் வெச்சி, மேல பூ போட்டுக் கும்பிட்டோம். மறுநாள் பூவெல்லாம் கூடைல வாரி, நானே வேகவதி ஆத்துல கொண்டுபோயிப் போட்டுட்டு வந்தேன். வந்து பாத்தா சாவியக் காணோம். பூவோட பூவாப் போயிடுச்சு."

"இன்னொரு சாவி இருக்குமே?"

"இருக்குது. பத்திரமா உள்ள இருக்குது."

சக்ரவர்த்தி பீரோவைத் திரும்பிப் பார்த்தார்.

"மூணு மாசம் முடிஞ்சி மொத பேட்ச் வந்து சர்ட்டிபிகேட்டக் கேட்டாங்க. சாவி ஆத்துல போச்சுன்னு சொல்ல முடியுமா? லெவல் டூ இருக்குதுன்னு சொன்னேன். அதையும் முடிச்சாங்க. லெவல் த்ரீ. அப்பறம் அட்வான்ஸ். அப்பறம் அப்பா அம்மால்லாம் வர ஆரம்பிச்சாங்க, கார்டியன் பவுண்டேஷன். நான் என்னா படிச்சவனா சாமி? ஒவ்வொரு லெவலும் யோசிக்கறதுக்குள்ள எனக்கு ரத்தக் கொதிப்பே வந்துடுச்சு. ஹைப்பர்டென்ஷன்."

"ஒரு பூட்டுக்காரனைக் கூப்பிட்டா ஆச்சே!"

"எப்படிக் கூப்புடறது? இந்தத் தெருவு முழுக்கப் பட்டுக் கடை. பூட்டுக்காரன் படியேறினா, பரசுராமன் கடைல ஜப்தின்னு சாயங்காலத்துக்குள்ள பிள்ளையார்பாளையம் பூரா பேசுவாங்க. எங்கப்பா பேரு என்னாவறது? கௌரவம்னு ஒண்ணு இருக்குதுல்ல?"

அந்த நியாயம் சக்ரவர்த்திக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்ததுதான் அவருக்குப் பயமாக இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தது, பட்டு ஜிப்பா போட்ட இன்னொரு சக்ரவர்த்தி.

"நீங்க பேசாம பிரின்சிபாலா இருந்துடுங்க சாமி. தெனமும் பரிவட்டம் கட்டச் சொல்றேன்" என்றார் பரசுராமன்.

சக்ரவர்த்தி வெளியே வந்து மெத்தையில் உட்கார்ந்தார். வாக்கை மீறினால் நான்கு தலைமுறை போகும். மீறாவிட்டால் நாளைக் காலை பத்து மணிக்கு ஸுபத்ராவின் பெயர் போகும். சுவர்களில் நாற்பது பேர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கும் வழி தெரியவில்லை.

மாலை ஐந்து மணிக்கு வாராந்திர விழா. முதல் மாணவர், வகுப்புக்கு ஒரு சூழல் குறிப்புக் கேள்வி போடுவது மரபு. வேணுகோபால் மறுபடியும் பரிவட்டம் கட்டிவிட்டார். சக்ரவர்த்தி எழுந்து நின்றார். முதலாளி அறையின் கதவு எதிரே திறந்திருந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. பாசுரம் சேவிக்கும் குரலில் ஆரம்பித்தார்.

"நோயாளியின் உயரம் ஆறடி. கனத்த உடம்பு. வாய் நெற்றியில் இருக்கிறது. யார் எதைக் கொடுத்தாலும் விழுங்குவார். இரண்டு வருடமாக எதுவும் வெளியே வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவருக்கு மாலை போடுகிறார்கள். அவருக்கு இருப்பது ஒரே துவாரம். அதில் சந்தனம் அடைத்து இறுகிவிட்டது. நோயாளி யார்? என்ன நோய்?"

"கான்ஸ்டிபேஷன்!" என்றது ஒரு குரல்.

"குடல் அடைப்பு!" என்றார் வேணுகோபால், தாங்க முடியாமல். "இன்டெஸ்டினல் அப்ஸ்ட்ரக்‌ஷன். நல்ல கேஸ் சார், இந்த மாதிரி பீஸ் இப்ப வர்றதே இல்ல."

ஏஞ்சல் எதிர்ச்சுவர்க் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் சக்ரவர்த்தியின் பரிவட்டத்துக்கு மேலே, திறந்த கதவுக்குள், மாலை போட்ட பீரோ தெரிந்தது. பக்கத்துக் கண்ணாடியிலும் அதுவே தெரிந்தது. அவள் மெதுவாக எழுந்தாள்.

"சாமி... நோயாளி அந்த ரூம்லதான் கீறாரா?"

"நான் எதையும் சொல்ல முடியாது."

"வாக்குக் குடுத்துட்டீங்களா?"

சக்ரவர்த்தி பரிவட்டத்தைச் சரிசெய்துகொண்டார்.

"சாவி இல்ல!" என்று கத்தினாள் ஏஞ்சல். "அடப் பாவிங்களா, பீரோவுக்குச் சாவியே இல்லடா! ஒம்போது மாசம் நான் லெவல் லெவலா படிச்சது ஒரு சாவிக்கா?"

இருபது பேரும் எழுந்து முதலாளி அறைக்குள் பாய்ந்தார்கள். ஒருவன் காய்ந்த சந்தனத்தை நகத்தால் பெயர்த்தான், கட்டியாக விழுந்தது. ஏஞ்சல் கிருஷ்ணவேணியின் மேஜைப் போனை எடுத்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருந்த தன் அண்ணன் சத்யராஜைக் கூப்பிட்டாள். அவன் அரை மணியில் கேஸ் கட்டரோடு படியேறினான். தெருவில் இருந்த எல்லாப் பட்டுக் கடைக்காரர்களும் வாசலுக்கு வந்து நின்று பார்த்தார்கள்.

"எங்க வெட்டணும்?" என்றான் சத்யராஜ்.

"கீல் பக்கம் வெட்டுப்பா. உள்ள இருக்கற பேப்பரு எரிஞ்சிடப் போவுது" என்ற வேணுகோபால், பழக்க தோஷத்தால் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "பாருங்க, இப்ப வெட்டித் தொறக்கறது டமி. அதுக்கப்பறம் உள்ளேர்ந்து எடுக்கறதுதான் எக்டமி. கரை ரெண்டும் ஒண்ணு மாதிரி இருக்கும், ஏமாந்துடாதீங்க."

கதவு சரிந்தது. வாய் வழியே விழுந்த காய்ந்த சாமந்தி இதழ்கள் முதலில் கொட்டின. பிறகு ஊரின் படிப்பு முழுவதும் சரிந்து மெத்தை வரை வந்தது. மேலாகக் கிடந்தது சக்ரவர்த்தியின் ஓய்வூதிய அட்டை. எல்லோரும் மண்டியிட்டுத் தேடினார்கள். ஒரு மணி நேரம் சக்ரவர்த்தியும் ஏஞ்சலும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து தேடினார்கள். கண்ணாடி சொன்னது அப்போது சரியாக இருந்தது.

"இந்தாங்க சாமி, ஸுபத்ரா. மூணும் கீது. பி.எஸ்ஸி.ல பர்ஸ்ட் கிளாஸா உங்க பொண்ணு? சொல்லவே இல்ல!"

பரசுராமன் மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வாக்குக் குடுத்தீங்களே சாமி."

"நான் யார்கிட்டேயும் சொல்லலை. நோயாளியோட அறிகுறிகளைத்தான் சொன்னேன்" என்றார் சக்ரவர்த்தி. சொல்லும்போது முதுகு பழைய நிமிர்வில் நிற்கவில்லை. நான்கு தலைமுறையாக நேராக வந்த பாவு நூலில் ஒரு முடிச்சு விழுந்துவிட்டது. அதை ஊர் கண்டுபிடிக்காது, அவர் விரலுக்குத் தெரியும். பரிவட்டத்தைக் கழற்றி, மடித்து, வெட்டுண்ட பீரோவின் தலையில் வைத்துவிட்டுப் படியிறங்கினார். கடை அகாடமி ஆன பிறகு அந்தப் படியில் வெறுமனே இறங்காத முதல் ஆள் அவர்தான்.

அவர் கீழே வந்து செருப்பு மாட்டும்போதே, மேலே பரசுராமனின் குரல் தேறியிருந்தது. "இன்னிக்கி நீங்க பாத்ததுதான் நம்ம அகாடமியோட மொத நேரடி அறுவை சிகிச்சை வகுப்பு! இதுல கலந்துக்கினவங்க அத்தன பேருக்கும் சான்றிதழ் உண்டு! சான்றிதழ் தயாராவற வரைக்கும்..." மிச்சத்தைக் கேட்க அவர் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குச் சென்னையில் அந்த அலுவலகத்தில் நீண்ட வரிசை. ஸுபத்ரா உறையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். சக்ரவர்த்தி பின்னால் நின்றார். அவர்கள் முறை வந்தபோது அதிகாரி மூன்று அசலையும் வாங்கிப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், டிக் போட்டார்.

"சரிமா. இத இங்க வெச்சிட்டுப் போங்க. ஆபீஸ்ல பதிஞ்சிட்டு ஒரு மாசத்துல தபால்ல அனுப்புவோம்."

அவருக்குப் பின்னால் ஒரு பச்சைப் பீரோ இருந்தது. வெள்ளிக்கிழமை அல்லவா, அதன் கைப்பிடியில் ஒரு முழம் மல்லிகை. பூட்டுத் துவாரத்தில், இன்னும் ஈரம் காயாத சந்தனம்.

அதிகாரி காகிதங்களை அந்தப் பக்கம் நகர்த்தினார். சக்ரவர்த்தி அவற்றின் மேல் கையை வைத்தார். முப்பத்தாறு வருட சர்க்கார் உத்தியோகத்தில் எந்த அதிகாரியிடமும் கேட்காததைக் கேட்டார்.

"தயவு பண்ணி அந்தப் பீரோவை ஒரு தடவை திறந்து மூடிக் காட்டுங்கோ. அப்புறம் கையை எடுக்கறேன்."

"அப்பா!" என்றாள் ஸுபத்ரா. வரிசை முணுமுணுத்தது.

அதிகாரி சிரித்தார். சிரித்துக்கொண்டே சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். இழுப்பறையைத் திறந்து பார்த்தார். பேப்பர் வெயிட்டைத் தூக்கிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. உள்ளே எட்டிப் பார்த்துப் பியூனைக் கூப்பிட்டார்.

"ஏம்பா, காலைல பூஜ பண்ண பூவெல்லாம் எங்க கொட்டின?"